நீலம் படிந்த வரிசை

காலையில் டீ டம்ளரைக் கையில் பிடித்தபடி மிளகுத் தோட்டத்துக்குள் ஒரு நடை போய்விட்டு வந்தால்தான் பெரியவருக்குப் பொழுது விடிந்த மாதிரி. டீயைக் குடிப்பது பாதி, கொடிகளோடு பேசிக்கொண்டே ஆறவிட்டுக் கீழே கொட்டுவது பாதி. மழை பிடித்துக்கொண்ட பிறகும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. தலையில் ஒரு பிளாஸ்டிக் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

"என்னங்க, இடுப்பு வலின்னு விடிய விடிய முனகினீங்களே. இந்தச் சகதியில வழுக்கி விழுந்தா யாரு தூக்குறது?" என்று மனைவி கேட்டால், "மிளகுக் கொடி தூக்கும். உன்னை மாதிரி அது கேள்வி கேக்காது" என்பார்.

அன்றைக்குத் தோட்டத்தின் நடுவில் போனவர் அப்படியே நின்றுவிட்டார். சில கொடிகள் தாங்கள் பற்றி ஏறியிருந்த தாங்குமரத்தின் பிடியை விட்டுத் துவண்டு தொங்கின. இலைகள் மஞ்சளாகக்கூட மாறவில்லை. பச்சையாக இருக்கும்போதே வாடித் தரையில் கொட்டிக் கிடந்தன. சில இலைகளில் ஓரத்திலிருந்து உள்ளே கருமை பரவியிருந்தது. ஒரு கொடியைத் தொட்டார். கணுக்கணுவாகக் கழன்று கையோடு வந்தது. அந்த வாரத் தொடக்கத்தில்தான் அதில் சரம் சரமாகக் காய் பிடித்திருப்பதைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். டீ ஆறிப்போனதுகூடத் தெரியாமல் அங்கேயே நின்றார்.

நோய் என்றால் சொல்லிக்கொண்டு வரும் என்பது பெரியவரின் அனுபவம். இலை மஞ்சளாகும், கொடி இளைக்கும், ஒரு பருவம் முழுக்க இழுத்துக்கொண்டு கிடக்கும். இதுவோ, நேற்றுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்த ஆள் திடீரென்று சரிந்த மாதிரி இருந்தது. அதே வேகத்தில் பக்கத்து வரிசைகளும் சரியத் தொடங்கின. வீட்டின் வருமானம் முழுவதும் அந்தக் கொடிகளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு கைப்பிடி இலையைப் பொறுக்கிக்கொண்டு உரக்கடைக்குப் போனார். உரக்கடைக்காரரிடம் உரம், பூச்சிமருந்து, ஊர்க்கதை மூன்றும் கிடைக்கும். மூன்றாவது இலவசம்.

கடைக்காரர் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். அதில் என்ன தெரிந்ததோ, குரலைத் தாழ்த்தினார். "இது நோய் மாதிரி தெரியலையேண்ணே. நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா வேர்ல யாராச்சும் எதையாச்சும் ஊத்தினா இப்படித்தான் பச்சையிலேயே கருகும். உங்களுக்கு வேண்டாதவங்க யாராச்சும் இருக்காங்களா?"

'நான் ஒன்றும் சொல்லவில்லை' என்று ஆரம்பிக்கிற ஆளிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. பெரியவர் எச்சரிக்கையாக இல்லை. வேண்டாதவர் என்றதும் அவருக்கு ஒரே ஒரு முகம்தான் நினைவுக்கு வந்தது. அது அவருடைய தம்பியின் முகம்.

தம்பியை ஊரில் எல்லோரும் சின்னவர் என்பார்கள். அப்பா இருந்தவரை தோட்டம் ஒன்றுதான். அவர் போனதும் நடுவில் ஒரு வாய்க்காலை எல்லையாக வைத்து அண்ணனும் தம்பியும் பிரித்துக்கொண்டார்கள். பிரித்ததில் சண்டை வரவில்லை. கோடையில் தண்ணீர் முதலில் யாருக்கு என்பதில் வந்தது. வாய்ச்சண்டை முற்றி, "இனி என் மூஞ்சியில முழிக்காதே" என்று அண்ணன் சொல்ல, தம்பி அதை அப்படியே கடைப்பிடித்துவிட்டார். பிள்ளைகள் வளர்ந்து வேலை தேடி வெளியே போன பிறகும் அந்தப் பேச்சற்ற நிலைமை நீடித்தது.

உரக்கடையிலிருந்து நேராக எல்லை வரிசைக்குப் போனார் பெரியவர். வாய்க்காலை ஒட்டிய அவருடைய கடைசி வரிசை அது. அங்கே இலைகளின் மேல் வெளிர்நீலமாக ஏதோ படிந்திருந்தது. தண்டின் அடியிலும் அதே நீலம். விரலால் தேய்த்தால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டியது. அவர் கையால் அங்கே எந்த மருந்தும் அடிக்கவில்லை. இடுப்பு வலியால் அந்த வருடம் தெளிப்பானை முதுகில் மாட்டவே இல்லை.

அவருக்குச் சுரீரென்றது. மழைக்கு முன்னால் ஒரு சாயங்காலம் சின்னவர் முதுகில் தெளிப்பானோடு வாய்க்காலைத் தாண்டி இந்தப் பக்கம் நின்றதைப் பால்காரர் பார்த்திருக்கிறார். பார்த்ததைப் பெரியவர் மனைவியிடம் சொல்லியும் இருக்கிறார். அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது எடுத்துக்கொண்டார்கள்.

"தம்பி அப்படிப்பட்ட ஆளு இல்லைங்க" என்றார் மனைவி.

"அவன் தோட்டத்துல ஒரு இலை வாடலை. என் தோட்டம் சுடுகாடாக் கிடக்கு. இதுக்கு மேல என்னடி வேணும்?"

ஆனாலும் பெரியவர் நியாயம் பார்க்கிற மனிதர் என்று தன்னைப் பற்றி நினைத்திருந்தார். எடுத்த எடுப்பில் பழி போடக்கூடாது, பரிசோதனை செய்து பார்த்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தார். நல்ல முடிவுதான். எல்லாவற்றுக்கும் முதலில் செத்திருந்த கொடியின் வேரைப் பிடுங்கினார். அது அதற்குள் முழுக்கச் செத்து விறகு மாதிரி ஆகியிருந்தது. அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, வண்டியின் கைப்பிடியில் மாட்டி, இடையில் வெயிலடித்த ஒரு நாளில் அப்படியே மறந்து விட்டுவிட்டு, மறுநாள் பயிர்நோய் ஆய்வுக்கூடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அந்த ஆய்வுக்கூடத்தில் மழைக்காலம் என்றால் மூச்சுவிட நேரம் இருக்காது. நுழைவாயில் மேசையில் வேர், இலை, மண் என்று பைகள் குவிந்து கிடக்கும். பாட்டில் கழுவுகிற ஊழியரை எல்லோரும் 'பாட்டில் அண்ணன்' என்பார்கள். "மேடம், இன்னும் ரெண்டு நாள் இப்படி வந்தா நாம வெளிய உக்காந்துக்கலாம், வேரெல்லாம் உள்ள இருக்கட்டும்" என்பார் அவர். மேடம் என்றால் ஆய்வாளர். தொழிலில் கெட்டிக்காரப் பெண்மணி. இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலையை ஒருவராகச் செய்துகொண்டிருந்தார்.

பெரியவரின் வேரை அவர் கழுவி, துண்டு துண்டாக நறுக்கி, பூஞ்சை வளர்வதற்கான கண்ணாடித் தட்டில் வைத்தார். சில நாளில் தட்டு முழுவதும் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பஞ்சு படர்ந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால் பிறைநிலா வடிவத்தில் வித்துக்கள். ஃபியூசேரியம். செத்த வேர் எங்கே கிடைத்தாலும் முதலில் வந்து குடியேறுகிற பூஞ்சை அது. சாவு வீட்டுக்கு முதலில் வந்து உட்கார்ந்தவரைக் கொலைகாரர் என்று சொல்ல முடியாதல்லவா? மிளகைச் சில நாளில் சாய்க்கிற கிருமி வேறு. அதற்குப் பெயர் ஃபைட்டோப்தோரா. அது உயிருள்ள திசுவில்தான் வேட்டையாடும். காய்ந்த வேரில் அதைத் தேடினால் கிடைக்காது. வாடிக்கொண்டிருக்கும் கொடியில், கருத்த பகுதியும் நல்ல பகுதியும் சந்திக்கிற இடத்தில் வெட்டி எடுத்தால்தான் அகப்படும்.

இதெல்லாம் ஆய்வாளருக்கு அத்துப்படி. இந்தக் காய்ந்த வேர் சோதனைக்கு உதவாது, வாடுகிற கொடியிலிருந்து புதிதாகக் கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் மேசையில் இன்னொரு பை ஏறும். பெரியவர் முடிவு கேட்க வந்து நின்றபோது, வேறொரு தட்டில் கண்ணை வைத்தபடியே அவர் சொன்னார்: "இதுல வாடல் நோய்க் கிருமி எதுவும் இல்லைங்க."

"நோய் இல்லையா மேடம்?"

"கிருமி எதுவும் கிடைக்கலை."

அவ்வளவுதான் நடந்தது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. 'இதுல' என்ற சொல்லைப் பெரியவர் ஆய்வுக்கூடத்து வாசலிலேயே விட்டுவிட்டு, மிச்சத்தை மட்டும் ஊருக்குக் கொண்டுபோனார்.

"லேப்லயே சொல்லிட்டாங்க! நோயே இல்லையாம்! நோய் இல்லைன்னா அப்புறம் என்ன? விஷம்தானே?" என்று கடைத்தெருவில் நின்று கத்தினார். உரக்கடைக்காரர் தலையாட்டினார். "நான் அன்னைக்கே சொன்னேன்ல?"

பிறகு பெரியவர் செய்ததுதான் இந்தக் கதையின் பெரிய கொடுமை. கொட்டுகிற மழையில், செத்ததும் செத்துக்கொண்டிருந்ததுமான கொடிகளை வேரோடு பிடுங்கினார். இடுப்பு வலி எங்கே போனதோ தெரியவில்லை. கட்டாகக் கட்டி, தன் தோட்டத்தின் குறுக்கே வாய்க்கால்வரை தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார். வாய்க்காலில் நனைத்து இழுத்து அக்கரைக்கு ஏற்றி, தம்பியின் வீட்டு வாசலில் குவித்தார். ஊரே வேடிக்கை பார்த்தது.

"டேய்! வெளிய வாடா! நீ கொன்னதை நீயே அள்ளிப் போடு!"

சின்னவர் வெளியே வந்தார். பல வருடங்களாகத் தன்னோடு பேசாத அண்ணன் பேசிய முதல் பேச்சு அது. சின்னவர் குவியலைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதை முதல்ல இங்கிருந்து எடுக்கணும். இது பரவும்ணே" என்றார்.

"பரவுமா? நீ ஊத்தினது எப்படிடா பரவும்?"

அன்றே புகார் கொடுக்கப்பட்டது. காவல் நிலையத்தில் சின்னவரை நிற்க வைத்துக் கேட்டார்கள். அவர் ஒளிக்கவில்லை. ஆமாம், அண்ணன் தோட்டத்து எல்லை வரிசையில் தெளித்தது நான்தான் என்றார். தெளித்தது விஷம் இல்லை, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்து, மழைக்கு முன்னால் அடித்தால் வாடல் நோய் அண்டாது, இலையில் படிந்த நீலம் அந்தத் துத்தத்தின் நிறம் என்றார். அண்ணன் இந்த வருடம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார், மருந்து அடிக்கவில்லை, என் கொடிகளுக்கு அடிக்கும்போது கையோடு அவருடைய ஒரு வரிசைக்கும் அடித்துவிட்டேன், கேட்டால் வேண்டாம் என்பார், அதனால் கேட்கவில்லை என்றார்.

சொன்னது அத்தனையும் உண்மை. கேட்டவர்களுக்குச் சிரிப்பு வந்தது.

"பேச்சுவார்த்தையே இல்லாத அண்ணனுக்கு, அவனுக்கே தெரியாம மருந்தடிச்சியா? யாருக்குய்யா காது குத்துற?" என்றார் விசாரித்த அதிகாரி. பகையைச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். பாசத்தைச் சொன்னதால் அறைந்தார். கை இடது காதில் விழுந்தது. சின்னவர் வீடு திரும்பியபோது காதிலிருந்து ரத்தம் கழுத்துவரை வடிந்து காய்ந்திருந்தது. செவிப்பறை கிழிந்துவிட்டது, இனி அந்தப் பக்கம் கேட்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதோடு முடியவில்லை. தோட்ட வேலைக்கு வழக்கமாக வருகிறவர்கள், "விஷம் வைக்கிற வீட்டுல கஞ்சி குடிக்க மாட்டோம்" என்று நின்றுவிட்டார்கள். வாசலில் கிடந்த குவியலை அகற்ற ஆள் இல்லை. புருஷனையும் பெண்டாட்டியையும் தவிர அந்த வீட்டில் யாரும் இல்லை. அவர் படுத்துக் கிடந்தார். மழை விடாமல் பெய்து, குவியலின் அழுகல் நீர் சின்னவரின் தோட்டத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

பெரியவர் மறுபடி ஆய்வுக்கூடத்துக்குப் போனார். நல்ல சட்டை போட்டுக்கொண்டு, நியாயம் ஜெயித்த முகத்தோடு போனார்.

"மேடம், ஒரு தடவை நீங்க ஸ்டேஷனுக்கு வரணும். அன்னைக்குச் சொன்னதை அங்க அப்படியே சொல்லிட்டாப் போதும்."

ஆய்வாளருக்கு ஆளையே நினைவில்லை. "எதைச் சொல்லணும்?"

"என் கொடிக்கு நோய் இல்லை, விஷம்னு."

"நான் எப்பங்க விஷம்னு சொன்னேன்?"

"கிருமி எதுவும் இல்லைன்னு சொன்னீங்களே. அதை வச்சுத்தானே என் தம்பியை ஸ்டேஷன்ல நிக்க வச்சு விசாரிச்சாங்க. நல்லா நாலு சாத்தும் சாத்தியிருக்காங்க. ஒரு காது போச்சாம். அப்பவும் வாயைத் திறந்து ஒத்துக்கலை. கல்நெஞ்சன்."

ஆய்வாளர் கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தார். மூடி ஒரு பக்கம் வழுக்கி விழுந்தது. பாட்டில் அண்ணன் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தவர், மேடத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடியைப் பேசாமல் எடுத்து வைத்தார்.

"நீங்க கொண்டு வந்தது காய்ஞ்ச வேரு. அதுல தேடினேன், கிடைக்கலை. கிடைக்கலைன்னா நோய் இல்லைன்னு அர்த்தம் இல்லைங்க. அதை நான் அன்னைக்கே உங்ககிட்ட விளக்கிச் சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டது என் தப்பு. வாங்க, தோட்டத்தைப் பார்க்கணும்."

"அதான் எல்லாம் முடிஞ்சிருச்சே மேடம்."

"எதுவும் முடியலை. வண்டியை எடுங்க."

தோட்டத்தில் கால் வைத்ததும் ஆய்வாளருக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது. நடுவில் வெறும் தாங்குமரங்கள் நின்றன. அங்கிருந்து வாய்க்கால்வரை ஒரே நேர்க்கோடாகக் கொடிகள் வாடிக்கொண்டிருந்தன. இரண்டு பக்கமும் கொஞ்சம் பச்சை மிச்சமிருந்தது. கோடு மட்டும் கருகியிருந்தது.

"இந்த வழியா என்ன கொண்டு போனீங்க?"

"செத்த கொடியை இழுத்துட்டுப் போனேன். அவன் வாசல்ல போட."

பெரியவர் அவரை எல்லை வரிசைக்கு அழைத்துப்போனார். தன் சாட்சியைக் காட்டுகிற அவசரம் அவருக்கு. "இங்க பாருங்க மேடம். இலையில நீலம். தண்டுல நீலம். இதுதான் அவன் ஊத்தின விஷம்."

ஆய்வாளர் ஒரு இலையைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெல்ல நடந்தார். திரும்பி வந்து பெரியவர் முன்னால் நின்றார்.

"ஐயா, இந்த வரிசையில எத்தனை கொடி செத்திருக்கு?"

பெரியவர் பார்த்தார். இத்தனை நாளாக அந்த வரிசைக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறார். ஊராரை அழைத்து வந்து காட்டியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் நீலத்தைத்தான் பார்த்தார், நீலத்துக்கு அடியில் இருந்த கொடியைப் பார்க்கவில்லை. இழுத்துப்போன கட்டு உரசிய இடத்தில் மட்டும் ஒரு கொடி லேசாக வாடியிருந்தது. மற்ற எல்லாம் பச்சைப்பசேலென்று காயோடு நின்றன. அவருடைய தோட்டத்தில் அப்படி நின்றது அந்த ஒரு வரிசை மட்டும்தான்.

"இது... கடைசியா ஊத்தியிருப்பான். இன்னும் பிடிச்சிருக்காது" என்றார். குரலில் முன்பிருந்த வேகம் இல்லை.

"மழைக்கு முன்னாடி தெளிச்சதுன்னு நீங்கதானே வழியில சொன்னீங்க? நடு வரிசை செத்தது மழைக்குப் பின்னாடி. முதல்ல நீலம் பட்டது கடைசிவரை நிக்குது. நீலமே படாதது முதல்ல செத்திருக்கு. இந்த வருஷம் நடு வரிசையில புதுசா நாத்து வச்சீங்களா?"

வைத்திருந்தார். சாலையோரத்தில் லாரியில் வைத்து விற்றுக்கொண்டிருந்தவனிடம் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிய நாற்று. எங்கே வளர்த்தது, யார் பரிசோதித்தது என்று அவர் கேட்கவில்லை. செத்த முதல் கொடி அதில்தான் ஒன்று என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

ஆய்வாளர் வாடிக்கொண்டிருந்த ஒரு கொடியின் அடித்தண்டைச் சீவி, கருப்பும் பச்சையும் சந்திக்கிற இடத்தில் துண்டு எடுத்தார். வேரடி மண்ணையும் எடுத்தார். வாய்க்காலைத் தாண்டிச் சின்னவர் தோட்டத்திலும் எடுத்தார். அங்கே முன் வரிசைகள் விழத் தொடங்கியிருந்தன. இலையில் அடித்த மருந்து, மண் வழியாக வேரில் புகுந்ததைத் தடுக்கவில்லை. சின்னவரின் மனைவி வீட்டுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வாளரிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது என்ற களைப்பு அவர் முகத்தில் இருந்தது.

ஆய்வுக்கூடத்தில் அந்த மண்ணைத் தண்ணீரில் கரைத்து, நல்ல மிளகு இலையைத் துண்டாக்கி மேலே மிதக்க விட்டார் ஆய்வாளர். தூண்டிலில் இரை மாட்டுகிற மாதிரிதான். மண்ணில் அந்தக் கிருமி இருந்தால் நீந்தி வந்து இலையைப் பிடிக்கும். பெரியவரைத் தினமும் வரச் சொன்னார். பெரியவரும் வந்தார். மர நாற்காலியில் உட்கார்ந்து அந்த இலைத்துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவை கருக்காமல் இருக்க வேண்டுமே என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டார். கருத்தால் தம்பி நிரபராதி. நிரபராதி என்றால் இவர் யார்? அந்தக் கேள்விக்கு அவர் பயந்தார்.

துண்டுகள் ஓரத்திலிருந்து கருத்தன. அவருடைய தோட்டத்து மண்ணில் இட்டதும், தம்பியின் தோட்டத்து மண்ணில் இட்டதும் ஒன்றுபோலக் கருத்தன. தண்டுத் துண்டிலிருந்து தட்டில் வளர்ந்ததும் அதுவேதான்.

"வந்து பாருங்க" என்று ஆய்வாளர் நுண்ணோக்கியைக் காட்டினார். குனிய முடியாமல் குனிந்து பார்த்தார் பெரியவர். எலுமிச்சம்பழ வடிவத்தில் குட்டிக் குட்டிப் பைகள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பை வாய் திறந்தது. உள்ளிருந்து புள்ளிகள் புறப்பட்டுத் தண்ணீரில் நாலாபக்கமும் நீந்தின.

"இதுதாங்க உங்க கொடியைக் கொன்னது. நாத்தோட வந்திருக்கு. மழைத் தண்ணியில நீந்திப் போகும், மண்வெட்டியில ஒட்டிப் போகும், செருப்புல போகும். செத்த கொடியை இருந்த இடத்துலயே வச்சு எரிச்சிருந்தா பாதித் தோட்டமாவது தப்பிச்சிருக்கும். நீங்க மழையில இழுத்து, வாய்க்கால்ல முக்கி, அவர் வாசல்லயும் கொண்டுபோய்ப் போட்டுட்டீங்க."

பெரியவர் நிமிரவே இல்லை. நுண்ணோக்கியின் மேலேயே நெற்றியை வைத்தபடி நின்றார். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்துப் பாட்டில் அண்ணன் நாற்காலியை நகர்த்திக் கொண்டுவந்து போட்டார்.

அன்றைக்கு ஆய்வாளர் காவல் நிலையத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னார். தன் வாயால் வந்த தவறையும் சேர்த்தே சொன்னார். புகார் திரும்பப் பெறப்பட்டது. அறைந்த அதிகாரி, "அப்படியா? நோயா?" என்று கேட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனார். அவருக்கு அது முடிந்த விஷயம்.

பெரியவர் தம்பி வீட்டுக்கு நடந்தார். கடைத்தெரு வழியாகத்தான் போக வேண்டும். என்ன நடக்கப்போகிறது என்று பார்க்கச் சிலர் பின்னாலேயே வந்தார்கள். உரக்கடைக்காரரும் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தார். வாசலில் குவியல் இன்னும் கிடந்தது. அழுகி, கருத்து, நாற்றமெடுத்திருந்தது. அதற்குப் பின்னால் தம்பியின் தோட்டத்தில் இலை இல்லாத தாங்குமரங்கள் தெரிந்தன. சின்னவர் ஒரு முக்காலியில் உட்கார்ந்து அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியவர் அவர் பக்கத்தில் போய் நின்றார். தணிந்த குரலில், "தம்பி... தப்புப் பண்ணிட்டேன்டா. என்னை மன்னிச்சிரு" என்றார்.

சின்னவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெரியவர் கூனிப்போனார். உள்ளேயிருந்து வந்த சின்னவரின் மனைவி, கோபம் இல்லாத குரலில் சொன்னார்: "மாமா, அந்தப் பக்கம் நின்னு சொன்னா அவருக்குக் கேக்காது. இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க."

பெரியவர் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்தார். அவரைப் பார்த்ததும் சின்னவர் எழப்போனார். அண்ணனைக் கண்டால் எழுந்து நிற்கிற பழக்கம். பெரியவர் தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

"என் தம்பி என் கொடிக்கு மருந்தடிச்சான். விஷம் வைக்கலை. நல்லாக் கேட்டுக்கங்க. என் தோட்டத்துல இன்னைக்கு உயிரோட நிக்கிறது அவன் தொட்ட வரிசை மட்டும்தான். கொடி செத்தப்போ அது எதனால செத்துச்சுன்னு நான் கேட்டிருக்கணும். யாரு கொன்னாங்கன்னு கேட்டேன். யாருன்னு கேட்டதும் நீங்க எல்லாரும் ஆளைக் காட்டுனீங்க, நானும் நம்பினேன். இனிமே உங்க வீட்டுல எது வாடினாலும், எது செத்தாலும், முதல்ல எதனாலன்னு கண்டுபிடிங்க. அது தெரியறதுக்கு முன்னாடி எவன் பேரையும் வாயில எடுக்காதீங்க. நோயை விட்டுட்டு மனுஷனைத் தேடினா, நோயும் பரவும், மனுஷனும் போயிருவான். ரெண்டு தோட்டத்தையும் பாருங்க. நான் பண்ணினதுதான்."

உரக்கடைக்காரர் கூட்டத்தின் பின்னால் நழுவினார்.

பெரியவர் தம்பியின் முன்னால் குனிந்தார். "கேட்டுச்சாடா?"

"கேட்டுச்சுண்ணே" என்றார் சின்னவர். அண்ணன் முகத்தைப் பார்த்தார். அவர் கண்ணில் கோபமும் இல்லை, மன்னித்துவிட்ட நிம்மதியும் இல்லை.

"பழி போடுறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேண்ணே. அப்ப எனக்கு ரெண்டு காதும் கேட்டுச்சு."